தனக்குத் தானே முடி வெட்டிக்கொள்வது: எந்த நம்பர், எந்த வரிசை, எங்கே தவறும்

சலூனுக்குப் போகாமல் வீட்டிலேயே நமக்கு நாமே முடி வெட்டிக்கொள்ள முடியுமா, தாடிக்கு வைத்திருக்கும் டிரிம்மரே போதுமா, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தை என்ன செய்வது என்பது கேள்வி. முடியும். பக்கவாட்டிலும் பின்னாலும் குட்டையாக, மேலே கொஞ்சம் நீளமாக விடும் சாதாரண ஆண்கள் வெட்டை நிதானம் உள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். தோல் தெரிய ஆரம்பித்து மேலே போகப் போக அடர்த்தியாகும் ஃபேடு மட்டும் வேண்டாம். இரண்டு விரல் உயரத்துக்குள் நான்கைந்து நீளங்கள் மாறவேண்டும். அதைத் தன் தலையில் தானே செய்வது தொழில் தெரிந்தவருக்கே சிரமம்.

முதலில் ஒரு வழிமுறை சொல்கிறேன். இதைப் பின்பற்றினால் மற்ற எல்லாம் பாதி சுலபமாகிவிடும். வீட்டில் ஆரம்பிப்பதற்கு முன் ஒருமுறை நல்ல சலூனில் வெட்டிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எந்த நம்பர் (மெஷினில் மாட்டும் சீப்பின் அளவு) போட்டார், மேலே எத்தனை விரல் நீளம் விட்டார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றே முன், பின், இரண்டு பக்கம் என்று நான்கு போட்டோ எடுத்து வையுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 செ.மீ. வளரும், இரண்டு வாரத்தில் 5, 6 மி.மீ. அந்த நேரத்தில் சலூன்காரர் போட்டுக்கொடுத்த வடிவம் தலையில் அப்படியே இருக்கும். வளர்ந்த அந்த 5 மி.மீ.யை மட்டும் எடுத்தால் போதும். இரண்டு மாதம் விட்டுவிட்டு மெஷினைக் கையில் எடுத்தால் வடிவம் கலைந்திருக்கும், நீங்கள் புதிதாக ஒன்றைச் செதுக்கவேண்டியிருக்கும். வீட்டு வெட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக எடுங்கள்.

இப்போது கருவி. தாடி டிரிம்மரின் பிளேடு சுமார் 32 மி.மீ. அகலம் இருக்கும். தலைமுடிக்கென்று வரும் கிளிப்பரில் 40 மி.மீ.க்கு மேல். அகலம் குறைந்தால் அதிகத் தடவை ஓட்டவேண்டும், இடையில் கோடு கோடாக விட்டுப்போகவும் வாய்ப்பு அதிகம். தாடி டிரிம்மரின் மோட்டார் அடர்ந்த முடியில் வேகம் குறைந்து, வெட்டுவதற்குப் பதில் பிடித்து இழுக்கும். மூன்று வாரத்துக்கு மேல் வளராத பக்கவாட்டு முடிக்கும், கழுத்து, கிருதா ஓரங்களுக்கும் அது போதும். தொடர்ந்து வீட்டிலேயே வெட்டப்போகிறீர்கள் என்றால் கிளிப்பர் வாங்கிவிடுங்கள். எதை எடுத்தாலும் முழுச் சார்ஜில் ஆரம்பியுங்கள். பாதித் தலையில் பேட்டரி தளர்ந்தால் வெட்டும் தரமும் தளரும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கிளிப்பர் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் வாங்கிய, நேராகச் சுவரில் செருகும் காந்த மோட்டார் மெஷின்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு மாறாது. அந்த மோட்டார் மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்பத்தான் அசையும், அதனால் மெதுவாக ஓடி, தடதடவென்று சத்தம் போட்டு, சூடாகும். சார்ஜ் செய்யும் மாடல் என்றால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை இல்லை.

நம்பர் என்பது பிளேடின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பின் நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடும். 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13, 8 என்றால் 25. வீட்டு டிரிம்மர்களில் நம்பருக்குப் பதில் நேராக மி.மீ.யே போட்டிருப்பார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் சலூனில் ‘நாலாம் நம்பர்’ போட்டவர் வீட்டில் டிரிம்மரை 4-ல் வைத்தால், 13 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 4 மி.மீ.தான் மிஞ்சும். ‘ஜீரோ’ என்பது சீப்பே மாட்டாத நிலை. அதிலும் மெஷினின் பக்கத்தில் உள்ள லீவரைத் திறந்து மூடுவதைப் பொறுத்து அரை மி.மீ.யிலிருந்து 2 மி.மீ. வரை முடி நிற்கும்.

மேல்முடிக்குக் கத்தரி வேண்டும். முடிக்கென்று விற்கும் 6 அங்குலக் கத்தரியே சரி. காகிதமும் துணியும் வெட்டும் வீட்டுக் கத்தரியில் முடி வெட்டுப்படாமல் முனைப்பக்கம் நழுவும், நுனி நசுங்கும், பிறகு அங்கேயே பிளக்கும். வாங்கிய கத்தரியால் வேறு எதையும் வெட்டாதீர்கள். பாலித்தீன் பாக்கெட் வெட்டினால்கூட அதன் கூர்மை குறையும்.

வெட்டும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்கவேண்டாம். எண்ணெய்த் தலையில் முடி கற்றை கற்றையாக ஒட்டி, நம்பர் சீப்பின் பற்களுக்குள் கற்றையாகவே நுழையும். சில முடி தப்பிவிடும், சில முடி அதிகமாக வெட்டுப்படும். ஷாம்பு போட்டுக் குளித்து, முழுக்க உலர்ந்த பிறகு மெஷினை ஓட்டுங்கள். ஈர முடி மண்டையோடு படிந்துகிடப்பதால் பிளேடுக்கு எட்டாது. கத்தரி வேலைக்கு மட்டும் லேசான ஈரம் நல்லது.

குளியலறைக் கண்ணாடி முன் நின்றால் போதும். வெளிச்சம் முகத்துக்கு நேராக வரவேண்டும். உச்சி விளக்கு மட்டும் இருந்தால் காதுக்குக் கீழே நிழல் விழுந்து, வெட்டாத இடம் வெட்டியதுபோல் தெரியும். கையில் பிடிக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றும் வேண்டும். அது சரிபார்க்க மட்டும். இரண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வெட்டினால் இடது வலது பழக்கத்துக்கு மாறாகத் தெரியும், கை எதிர்த்திசையில் போகும். பின்பக்கம் முழுவதையும் விரலால் தடவித் தெரிந்துகொண்டு வெட்டுங்கள். நிறுத்துங்கள், கண்ணாடியில் பாருங்கள், மறுபடி வெட்டுங்கள்.

வரிசை எப்போதும் பெரிய நம்பரிலிருந்து சின்ன நம்பருக்கு. 4, பிறகு 3, பிறகு 2. இந்த வரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

எதுவரை ஓட்டுவது என்று தெரிய ஒரு சாதாரணச் சீப்பை எடுத்துக் காதுக்கு மேலே, தலையின் பக்கவாட்டில் செங்குத்தாக ஒட்டி வையுங்கள். கீழே மண்டையோடு ஒட்டியிருக்கும் சீப்பு, மேலே ஓர் இடத்தில் மண்டையை விட்டு விலகும். மண்டை உள்பக்கமாக வளையத் தொடங்கும் இடம் அது. மெஷின் அதற்கு மேலே போகக்கூடாது. தெரியாதவர்கள் மெஷினை மண்டையின் வளைவோடு சேர்த்து உச்சிவரை உருட்டிவிடுகிறார்கள். மேலே இருக்கவேண்டிய அடர்த்தி போய்விடும், தலை முட்டை வடிவமாகத் தெரியும், திரும்ப வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

4-ஐ மாட்டுங்கள். ‘கிளிக்’ என்று சத்தம் கேட்டதா, இரண்டு பக்கமும் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கிருதாவில் ஆரம்பித்து, முடி வளரும் திசைக்கு எதிராக, கூரையை நோக்கி நேராக மேலே ஓட்டுங்கள். நம்பர் சீப்பின் அடிப்பகுதி தட்டையாகத் தோலில் பதிந்திருக்கவேண்டும், ஆனால் அழுத்தக்கூடாது. நீளம் கூட்டிக் குறைக்கும் சீப்புகள் அழுத்தத்தில் வளைந்து, செட் செய்ததைவிடக் குட்டையாக வெட்டும். கீழிருந்து மேலே போக இரண்டு, மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டினால் முடி பிளேடுக்குள் வருவதற்கு முன்பே சீப்பு தாண்டிவிடும். எல்லை வந்ததும் சட்டென்று நிறுத்தாமல் மெஷினை வெளிப்பக்கமாக, தலையை விட்டு விலகும்படி எடுங்கள். கோடு விழாமல் இருப்பதற்கு இந்த ஒரு கையசைவுதான் காரணம். மெஷினை அணைத்து வைத்துப் பத்துத் தடவை வெறுமனே செய்து பார்த்தால் மணிக்கட்டுக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்த ஓட்டம் முந்தையதன்மேல் பாதி பிளேடு அகலம் ஏறவேண்டும். நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை சீப்புக்குள் சேர்ந்த முடியைத் தட்டிவிடுங்கள். நிறைந்த சீப்புக்குள் புது முடி நுழையாது.

பின்பக்கத்தில் இரண்டு காதுகளின் உயரத்துக்குச் சமமாக நடுவில் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். பின்மண்டை எலும்பின் புடைப்பு அது. சிலருக்கு நன்றாகவும் சிலருக்கு லேசாகவும் இருக்கும். அதற்குக் கீழே மண்டை கழுத்தை நோக்கி உள்வாங்கும். 4-ஆம் நம்பர் பக்கவாட்டு எல்லையின் உயரம் வரை சுற்றிலும் போகலாம். 3 இந்த மேட்டோடு நிற்கவேண்டும். இடது கையின் ஆள்காட்டி விரலை அந்த மேட்டின்மேல் படுக்கையாக வையுங்கள். வலது கையால் மெஷினைப் பிடரியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். சீப்பு விரலைத் தொட்டதும் வெளியே எடுங்கள். விரலை அப்படியே பாதி பிளேடு அகலம் நகர்த்தி அடுத்த ஓட்டம். கண்ணாடியே தேவைப்படாது.

பக்கவாட்டில் 3 காதின் மேல்நுனியைவிட ஒரு விரல் உயரம் வரை. பிறகு 2-ஐ மாட்டி, பிடரியில் முடி ஆரம்பிக்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் உயரம், கிருதாவிலும் காதைச் சுற்றியும் ஒரு விரல் உயரம். அவ்வளவுதான். முதல் தடவை 2-ஐ விட்டுவிட்டு 3-லேயே நிறுத்தினாலும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

பிடரி முடி எல்லாருக்கும் ஒரே திசையில் வளர்வதில்லை. சிலருக்கு இரண்டு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, சிலருக்கு மேல்நோக்கி. விரலால் வருடும்போது எந்தப் பக்கம் சொரசொரப்பாக எதிர்க்கிறதோ அந்தப் பக்கமாக மெஷின் போகவேண்டும். காதுக்குப் பின்னால் உள்ள குழியிலும் இதே கதை. திட்டுத் திட்டாக முடி மிச்சமிருப்பது பெரும்பாலும் அங்கேதான். காது மடலை ஒரு கையால் முன்பக்கம் மடக்கிப் பிடித்து, மூன்று திசைகளிலும் ஓட்டுங்கள். கழுத்து மடிப்பு உள்ளவர்கள் தாடையை மார்போடு சேர்த்துக் குனிந்தால் தோல் விரியும். வலக்கைக்காரருக்கு இடக்காதின் பின்புறம்தான் கடினம். வலக்கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோவதைவிட, மெஷினை இடக்கைக்கு மாற்றி மெதுவாக ஓட்டுவது நல்லது. நம்பர் சீப்பு மாட்டியிருக்கும்வரை இடக்கை நடுக்கம் பெரிதாகக் கெடுக்காது.

3-க்கும் 4-க்கும் இடையில் கோடு தெரிந்தால் 3-ஐ மாட்டி லீவரைத் திறந்து வையுங்கள், மூன்றரை போலாகிவிடும். லீவர் இல்லாத டிரிம்மரில் 11 அல்லது 12 மி.மீ. வையுங்கள். அந்தக் கோட்டின்மேல் மட்டும் சின்னச் சின்னதாகத் தட்டி எடுங்கள். கீழிருந்து முழு ஓட்டம் ஓட்டினால் கோடு மறையாது, மேலே ஏறும்.

மேல்முடிக்கு வருவோம். லேசாக நனைத்து வாருங்கள். முன்நெற்றியில் ஆரம்பிக்காதீர்கள், எல்லாரும் பார்க்கும் இடம் அது, கை பழகாத நேரத்தில் அங்கே கை வைக்கவேண்டாம். மண்டையின் நடுவில் ஒரு செ.மீ. அகலத்துக்கு முடியை எடுத்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, நேராக மேலே தூக்குங்கள். விரல் மண்டைக்கு இணையாக இருக்கட்டும். விரலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு செ.மீ.க்கு மேல் வேண்டாம். கத்தரியைக் குறுக்கே வைத்து ஒரே வெட்டாக வெட்டாமல், முனையை மேலிருந்து கீழாக முடிக்குள் இறக்கிப் பல்லுப்பல்லாக வெட்டுங்கள். ஓரம் கொஞ்சம் மேடுபள்ளமாக இருப்பதால் சின்னத் தவறுகள் கண்ணில் படாது. அடுத்த பிடியில் இப்போது வெட்டிய முடியிலும் கொஞ்சம் சேர்த்துப் பிடியுங்கள். அந்த நீளம்தான் அடுத்ததற்கு அளவு. நடுவிலிருந்து உச்சிவரை பின்னே போய், பிறகு நடுவிலிருந்து முன்னே வாருங்கள். நெற்றி முடியைக் கடைசியில், உலர்ந்த பிறகு, கண்ணாடியைப் பார்த்து வெட்டுங்கள். ஈரத்தில் புருவத்தைத் தொட்ட முடி உலர்ந்ததும் மேலே ஏறிவிடும்.

சுருட்டை முடிக்கு இந்த ஏற்றம் இன்னும் அதிகம். சுருட்டை உள்ளவர்கள் மேல்முடி முழுவதையும் உலர்ந்த நிலையிலேயே, சுருள் சுருளாக, நினைத்ததில் பாதி அளவு மட்டும் வெட்டுவது பாதுகாப்பு.

பக்கவாட்டும் மேலும் சேரும் இடத்தில் மேல்முடி கூரைத் தாழ்வாரம்போல் பக்கவாட்டின்மேல் தொங்கும். அந்த ஓர முடியை வெளிப்பக்கமாகச் சாய்வாக இழுத்துப் பிடித்து, நீட்டியிருக்கும் மூலையை மட்டும் வெட்டினால் இரண்டும் இணைந்துவிடும். அடர்த்தி அதிகம் என்று பல் வைத்த தின்னிங் கத்தரி போடுவதானால் ஓர் இடத்தில் இரண்டு, மூன்று வெட்டுக்கு மேல் வேண்டாம். வேருக்கு அருகிலும் வேண்டாம். அடியில் வெட்டுப்பட்ட குட்டை முடிகள் ஒரு வாரத்தில் குத்திட்டு நிற்கும்.

உச்சிச் சுழி தனி விஷயம். அங்கே முடி எல்லாத் திசையிலும் வளர்வதால் இடைப்பட்ட நீளத்தில் வெட்டினால் சேவல் கொண்டைபோல் எழும்பும். ஒன்று, சுற்றியுள்ள முடியைவிட ஒரு செ.மீ. அதிகமாக விட்டு அதன் எடையிலேயே படியவிடுங்கள். இல்லையென்றால் தலை முழுக்க ஒரே நம்பர் போடுபவர்கள் சுழியில் எல்லாத் திசையிலிருந்தும் ஓட்டவேண்டும்.

கழுத்துக் கோட்டுக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு மடித்த கைக்குட்டையின் கீழ்விளிம்பு இயற்கையான முடி எல்லையில் படும்படி தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்; விளிம்புக்குக் கீழே தெரியும் முடியை மட்டும் எடுக்கவேண்டும். தலை நிமிர்ந்தே இருக்கட்டும். குனிந்தபடி கோடு போட்டால் நிமிரும்போது அது கோணலாகும். டிரிம்மரில் சீப்பைக் கழற்றிவிட்டு, நடுவில் ஆரம்பித்து முதலில் ஒரு பக்கம், பிறகு நடுவிலிருந்து மறுபக்கம். இயற்கை எல்லைக்கு மேலே ஏற்றிக் கோடு போட்டால் பார்க்க அன்றைக்கு நன்றாக இருக்கும். மூன்று, நான்கு நாளில் கீழே கறுப்பாக முளைத்துவிடும். கிருதாவைக் காதை வைத்து அளக்காதீர்கள், பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இரண்டு கிருதாவின் அடியில் படுக்கையாக வைத்து, நேராகக் கண்ணாடியைப் பார்த்து, உயரமாக இருப்பதை அளவாக எடுத்து மற்றதை அதற்குச் சமமாக்குங்கள்.

தவறு நடந்துவிட்டால்? நம்பர் சீப்பு கழன்று ஒரு பட்டை விழுவதுதான் மோசமானது. அது பிடரிப் பக்கம், கீழே என்றால் கீழ்ப்பகுதி முழுவதையும் ஒரு நம்பர் இறக்கிவிடலாம். மேலே என்றால் தொடாமல் விடுங்கள், மேல்முடி மூடிக்கொள்ளும். 3 மி.மீ. முடி வளர ஒன்றரை வாரம்கூட ஆகாது. பதறிப்போய்ச் சுற்றியுள்ளதை எல்லாம் வெட்டிச் சமப்படுத்தப் போவதில்தான் தலை மொட்டையில் முடிகிறது. அன்றைக்கு நன்றாகத் தெரிந்தாலும் மறுநாள் குளித்து உலர்ந்த பிறகு இன்னொருமுறை பாருங்கள். படிந்துகிடந்த முடிகள் அப்போது எழும்பி நிற்கும். பத்து நிமிடத்தில் தட்டிவிடலாம்.

நீளமான கூந்தல் உள்ள பெண்கள் நுனியை மட்டும் எடுக்க மெஷின் தேவையில்லை. நடு வகிடு எடுத்து, இரண்டு பாதியையும் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, சிக்கெடுத்து, நுனிக்கு மேலே ரப்பர் பேண்டு போட்டு இரண்டையும் சம உயரத்துக்கு இறக்குங்கள். கீழே உள்ளதை வெட்டினால் பின்பக்கம் ‘யூ’ வடிவம் வரும். முதுகின் நடுவிலிருந்து முன்னே வரும் முடி அதிகத் தூரம் சுற்றி வருவதால் அது நீளமாகவே தங்கிவிடுகிறது. ஆகவே ஒரே நேர்கோடாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறை ஆகாது. நுனிப்பிளவு இருந்தால் பிளவுக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டுங்கள்.

பிடரியில் சின்னச் சின்னக் கட்டிகள் வரும் வழக்கம் உள்ளவர்கள் அங்கே ரேஸரும் ஜீரோவும் போடக்கூடாது. ஒட்ட வெட்டிய முடியின் கூர்முனை திரும்பத் தோலுக்குள்ளேயே வளர்ந்து, அந்த இடம் தடித்துத் தழும்பாகலாம். 2, 3 மி.மீ. விட்டுவிடுங்கள், கட்டி கெட்டிப்பட்டிருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் ஒரே மெஷினைப் பலர் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் இடையில் பிளேடைச் சுத்தம் செய்யவேண்டும். படர்தாமரை இந்த வழியில் பரவும், குழந்தைகளுக்கு எளிதாகவே.

சுத்தம் செய்ய, முதலில் பிரஷால் முடித் துணுக்குகளைத் தட்டி எடுத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் பிளேடைத் துடைத்து, உலர்ந்ததும் இரண்டு, மூன்று சொட்டு எண்ணெய் விடுங்கள். ஸ்பிரிட் இருந்த எண்ணெயையும் எடுத்துவிடும், அதனால் இந்த வரிசை முக்கியம். மெஷினோடு வந்த எண்ணெய் தீர்ந்தால் தையல் மெஷின் எண்ணெய் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் துணுக்குகளைப் பிடித்துவைக்கும், மார்கழிக் குளிரில் உறைந்தும்விடும். பிளேடைக் கழற்றி மாட்டினால் அசையும் பிளேடின் பற்கள் நிலையான பிளேடின் பற்களைவிட ஏறத்தாழ ஒரு மி.மீ. உள்ளே தள்ளி, இணையாக நிற்கவேண்டும். வெளியே வந்தால் தோலைக் கிழிக்கும். சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, முழுச் சார்ஜும் இருந்து, அப்படியும் முடியை இழுத்தால் பிளேடு மழுங்கிவிட்டது. மெஷினை மாற்றவேண்டாம், அந்த மாடலுக்குப் புது பிளேடு தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.